அந்த வியாழக்கிழமையின் காற்று

கட்டட வேலை நடக்கிற இடத்தில் அவருக்குப் பெயர் உச்சி. வீட்டிலும் சொந்தத்திலும் அதே பெயர்தான் ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருடமாக உயரக் கிரேன் ஓட்டுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? காலை ஆறு மணிக்குக் கிரேனின் அடியில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பூட்ஸை மாட்டுவார். இரும்புக் கூண்டுக்குள்ளே செங்குத்தாக ஏணி. முந்நூற்றுப் பன்னிரண்டு படி. ஏறி முடிக்க இருபது நிமிடம். மேலே போய்விட்டால் சாயங்காலம்தான் இறக்கம். ஒரு ஆள் உட்காரும் கண்ணாடிப் பெட்டி, ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் கைப்பிடி, காலடியில் டீ பிளாஸ்க். அங்கிருந்து பார்த்தால் கீழே நடமாடுகிற மனிதர்கள் கொட்டிப்போன மிளகு மாதிரி தெரிவார்கள்.

மேலே அவருக்கு முதலாளி காற்று ஒன்றுதான். கிரேன் நுனியில் மூன்று சின்னக் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அவை சுற்றுகிற வேகம் பெட்டிக்குள் எண்ணாகத் தெரியும். நாற்பதைத் தொட்டால் பாரம் தூக்கக் கூடாது. இன்னும் ஏறினால் பிரேக்கைத் தளர்த்திவிட்டு, கிரேன் தன் இஷ்டத்துக்குக் காற்றோடு திரும்பட்டும் என்று விட்டுவிட வேண்டும். அடம் பிடித்து நிறுத்திவைத்தால் முறிந்துவிடும். மணிக்கு ஒரு தடவை அந்த எண்ணை நோட்டில் எழுதுவது சட்டம். காற்று நோட்டு என்பார்கள்.

இப்படிக் காற்றோடு குடும்பம் நடத்திய மனிதருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எங்கேயாவது போக மனம் வரவில்லை என்றால் பழியைக் காற்றின் தலையில் போட்டுவிடுவார். சொந்தக்காரர் வீட்டில் விசேஷம் என்றால், "காத்து நல்லா இருக்கு, இப்ப விட்டா வேலை முடியாது" என்பார். வேறு விசேஷம் வந்தால், "காத்து மோசமா இருக்கு, கிரேனை விட்டு நகர முடியாது" என்பார். அவருக்கு மனிதர்கள் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. கூட்டத்துக்கு நடுவே கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது, அவ்வளவுதான். ஆனால் கேட்கிறவர்களுக்கு அது தெரியுமா? அவர் மனைவியே சொல்வாள்: "நீங்க சொல்ற காத்து வேற, வீசற காத்து வேற."

அவருக்குக் கூடப் பிறந்தவள் ஒரே அக்கா. நடுவில் பிறந்த இரண்டு பெண்கள் சின்ன வயதிலேயே போய்விட, மிஞ்சியது முதல் பிள்ளையும் கடைசிப் பிள்ளையும்தான். பதின்மூன்று வயது வித்தியாசம். அம்மா வேலைக்குப் போய்விடுவாள் என்பதால் இவரைக் குளிப்பாட்டியது, அடித்தது, எழுத்துச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அக்காதான். கல்யாணமாகித் தொலைதூர ஊருக்குப் போனவள், அங்கே காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூறுகிற வேலைக்குச் சேர்ந்தாள். நாற்பது ஆண்கள் கத்துகிற இடத்தில் இவள் வாயைத் திறந்தால் நாற்பது பேரும் அடங்குவார்கள். மூட்டை தூக்குகிறவர்கள்கூட, "ஏலக்கார அம்மா தும்மினா பூசணிக்கா வெடிக்கும்" என்று கேலி பேசுவார்கள். அவள் அதையும் மிஞ்சுகிற குரலில் அவர்களைத் திட்டுவாள்.

அந்த அக்காவின் கணவர், உச்சிக்கு அத்தான், ஒன்பது வருடத்துக்கு முன் திடீரென்று இறந்துபோனார். சேதி வந்தபோது உச்சி கிரேன் மேலே இருந்தார். அக்கா அழுது அவர் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்கிற தைரியம் தனக்கு இல்லை என்று அந்த உயரத்தில் உட்கார்ந்து முடிவு செய்துகொண்டார். "பலத்த காத்துக்கா, கிரேனை இப்படியே விட்டுட்டு வந்தா சாஞ்சிரும்" என்று போனில் சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்துத்தான் போனார். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வருடம் அவளுடைய தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. ஆறு மாதமாகக் குரல் கரகரத்ததை, கத்திக் கத்தி வந்த கோளாறு என்றே அவள் நினைத்திருந்தாள். குரல்பெட்டியையே எடுத்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அறுவை சிகிச்சை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு உயிர் இருக்கும், பேச்சு இருக்காது.

"வியாழக்கிழமை வா" என்றாள் அக்கா போனில். "ஒரு நாள் பூரா உன்கிட்ட பேசணும். சண்டை போடறதுக்கும் சேர்த்துத்தான்."

இந்தத் தடவை உச்சி காற்றைப் பற்றி மூச்சு விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக விமான டிக்கெட் எடுத்தார். ரயிலில் போனால் இருபத்தாறு மணி நேரம், விமானத்தில் இரண்டே மணி நேரம். வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்கு விமானம். நாலரைக்கே போய் உட்கார்ந்துவிட்டார்.

ஆறே முக்காலுக்கு ஒலிபெருக்கி சொன்னது: மோசமான வானிலை காரணமாக இந்த விமானம் ரத்து.

உச்சி கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். ஓடுபாதை ஓரத்தில் காற்றின் திசை காட்டுகிற துணிக்குழாய் ஒரு கம்பத்தில் இருந்தது. கை இல்லாதவன் சட்டைக் கை மாதிரி அது தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அசையாமல் அதையே பார்த்தார். அதுவும் அசையவில்லை.

கவுன்டருக்குப் போனார். அங்கே இருந்த பெண் தலை நிமிராமல், "பலத்த பக்கக் காத்து சார்" என்றாள்.

"எங்கம்மா காத்து? அந்தத் துணியைப் பாருங்க."

"எங்களுக்கு மேல இருந்து வந்த தகவல் சார்."

"நானும் மேல இருந்து வர்றவன்தாம்மா. அங்க காத்து எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவளுக்கு அது புரியவில்லை. மறுநாள் மதியத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். வேறு நிறுவனத்து விமானங்களில் இருந்த இடங்களை, செல்போனில் விரல் ஓட்டத் தெரிந்தவர்கள் அவர் வரிசையில் நின்ற நேரத்திலேயே பிடித்துவிட்டிருந்தார்கள். அவர் கண் முன்னாலேயே மற்ற விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. ஒன்பது மணிக்குள் பதினோரு விமானம். எண்ணிக்கொண்டே நின்றார்.

அப்போதுதான் அக்காவின் போன் வந்தது. விஷயத்தைச் சொன்னார்.

"என் கொழுந்தன் உங்க ஊர்ல இருந்து ஆறரை விமானத்துல கிளம்பி இப்ப வந்து இறங்கிட்டார்" என்றாள், கரகரத்த குரலில். "அங்க வெயில் பளிச்சுன்னு இருந்துதாம். உனக்கு வர மனசில்லன்னா மனசில்லன்னு சொல்லுடா. காத்தைச் சொல்லாத."

வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டபோது அக்கா மகள் எடுத்தாள். "அம்மாவைப் பரிசோதனைக்கு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க மாமா. இனிமே பேசக் கூடாதுன்னு டாக்டர் இப்பதான் சொல்லிட்டார்" என்றாள்.

அக்காவின் சொந்தக் குரலில் அவர் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். காத்தைச் சொல்லாத. ஆயுள் முழுக்கப் பொய்யாகச் சொல்லி வந்த காரணம், ஒரே ஒரு நாள் வேறு யாரோ சொன்ன பொய்யாக அவர் மேல் வந்து விழுந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். அக்காவின் கழுத்தில் கட்டு. இரண்டு நாள் கழித்து ஒரு பலகையும் பேனாவும் கொடுத்தார்கள், எழுதி அழிக்கிற மாதிரி. உச்சி பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, சத்தியமா அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன்" என்று ஆரம்பித்தார். அக்கா கையை லேசாக வீசினாள். போகட்டும் விடு என்கிற வீச்சு. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த வீச்சை அவரால் தாங்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும் விமான நிறுவனத்துக்கு இழப்பீடு கேட்டு எழுதினார். மூன்று வாரம் கழித்து மரியாதையாக நாலு வரி வந்தது. இயற்கையின் செயலுக்கு நிறுவனம் பொறுப்பாகாது. உச்சி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போனார். அங்கே மனு வாங்குகிறவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"காத்து இல்லன்னு நீங்க சொல்றீங்க. இருந்துச்சுன்னு அவங்க சொல்றாங்க. அத்தாட்சி இருக்கா?"

"இருக்குங்க" என்றார் உச்சி. காற்று நோட்டு நினைவுக்கு வந்துவிட்டது. விமான நிலையம் கிரேனிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான். அந்த வியாழக்கிழமை அவருக்குப் பதிலாக மேலே ஏறியவர் வழுக்கை என்கிற மாற்று ஓட்டுநர்.

நோட்டைப் புரட்டினார். ஏழு மணிக்குப் பதினொன்று. எட்டுக்குப் பதினொன்று. ஒன்பதுக்கும் பதினொன்று. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அதே பதினொன்று, ஒரே மை, ஒரே சாய்வு. இந்த வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த தப்பு அது. காற்று சாதுவாக இருக்கிற நாளில், காலை டீ குடிக்கும்போதே நாள் முழுவதுக்கும் எண் போட்டுவிடுவார்கள்.

"ஒரே மூச்சுல எழுதினதுதானே?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. ஆனா காத்து இல்லாதது உண்மைதானே?" என்றார் வழுக்கை. "கொண்டு போங்க. மணிக்கு மணி பாத்துத்தான் எழுதினேன்னு நானே வந்து சாட்சி சொல்றேன். விமானக் கம்பெனி வக்கீலுக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"உங்களுக்குத் தெரியாம இருக்குமா? இப்படி எழுதக் கத்துக் குடுத்ததே நீங்கதானே."

உச்சி நோட்டை மூடி வைத்தார். ஜெயிக்கிற காகிதம் கையில் இருந்தது. ஆனால் காற்றைப் பற்றி இன்னொரு பொய்யை எடுத்துக்கொண்டு அக்கா முன்னால் போய் நிற்பது எப்படி? இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், யாரோ சொன்னார்கள் என்று, விமான நிலையத்தின் பின்பக்கம் இருந்த வானிலைப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்.

சின்னக் கட்டடம். முன்னால் புல்வெளியில் நாலு காலில் நிற்கிற வெள்ளைப் பெட்டி ஒன்று, சுற்றிலும் மரச் சட்டங்கள், உள்ளே வெப்பமானிகள். பக்கத்துக் கம்பத்தில் மூன்று கிண்ணங்கள் சுற்றின. பழக்கப்பட்ட முகத்தைப் பார்த்த மாதிரி அவருக்கு இருந்தது. உள்ளே ஓய்வு பெறுகிற வயதில் ஒரு அம்மா இருந்தார். கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, விரலில் மைக்கறை. தேதியைக் கேட்டுவிட்டு அலமாரிப் பக்கம் போனார்.

அந்த அலமாரிகளை உச்சி அண்ணாந்து பார்த்தார். தரையிலிருந்து கூரை வரை நோட்டுகள். ஒரு அறை முடிந்து அடுத்த அறை.

"இதெல்லாம் என்னங்கம்மா?"

"வானம்" என்றார் அந்த அம்மா, சாதாரணமாக. "அறுபத்தெட்டு வருஷத்து வானம். அரை மணிக்கு ஒரு தடவை."

நோட்டை விரித்துக் காட்டினார். வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்துக்கொள்வார்களாம். வெளியே போய் நின்று அண்ணாந்து பார்த்து, எத்தனை பங்கில் மேகம் என்று எழுதுவார்களாம். காற்றின் திசை, வேகம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, எல்லாம். மழையோ வெயிலோ, வீட்டில் கல்யாணமோ சாவோ, அந்த முறைக்காரர் அந்த நேரத்தில் அங்கே நின்றாக வேண்டும்.

"அந்தந்த நேரத்துலதான் எழுதணும்" என்றார் அம்மா. "முன்னாடியும் எழுதக் கூடாது, பின்னாடியும் எழுதக் கூடாது. தப்பா எழுதிட்டா அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடிச்சுட்டு, பக்கத்துல சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடணும். தப்பு பண்ணதும் தெரியணும்."

உச்சிக்கு அந்தப் பதினொன்றுகள் வரிசையாகக் கண்ணில் வந்தன. "ஒண்ணும் நடக்காத நாள்லயும் இப்படியே எழுதுவீங்களா?"

"அன்னைக்குத்தான் கவனமா எழுதணும். புயல் அடிச்ச நாளை ஊரே ஞாபகம் வச்சுக்கும். சும்மா இருந்த நாளை நாங்கதான் வச்சுக்கணும். இந்தாங்க, உங்க வியாழக்கிழமை."

ஏழு மணி: காற்று மணிக்கு ஆறு கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் தூரம் பத்துக் கிலோமீட்டருக்கு மேல். மேகம் எட்டில் ஒரு பங்கு, அதுவும் ரொம்ப உயரத்தில். பக்கத்தில் யாரோ ஒருவரின் சின்னக் கையெழுத்து. தான் கண்ணாடிக்கு உள்ளே நின்று துணிக்குழாயைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், முகம் தெரியாத ஒரு மனிதர் வெளியே புல்லில் நின்று அதே வானத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். யாருக்காக? யாருக்காகவும் இல்லை. உச்சி அந்த வரியை விரலால் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். எத்தனையோ வருடம் மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு, இவ்வளவு பெரிய ஒன்றை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அந்த அம்மா நகல் எடுக்க எழுந்தபோது, "இன்னொரு தேதியும் பாக்கணுங்க" என்றார். அத்தான் இறந்த தேதியைச் சொன்னார்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய நோட்டு மூன்றாம் அறையிலிருந்து வந்தது. அம்மா பக்கத்தைக் கண்டுபிடித்து விரலால் மேலிருந்து கீழே ஓட்டினார். "காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அமைதி. அமைதின்னா காத்தே இல்லன்னு அர்த்தம். இலைகூட ஆடியிருக்காது."

உச்சி, தான் சொன்ன பொய் தன்னோடு போயிற்று என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தார். அது பொய் என்று அரை மணிக்கு ஒரு தடவை யாரோ கையெழுத்துப் போட்டு, பத்திரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

"இதுவும் அதே கேஸா?" என்று கேட்டார் அம்மா.

"இல்லைங்க. இந்தக் கேஸ்ல எதிராளி நான்தான்."

அந்த அம்மா ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கத்துக்கும் நகல் எடுத்து, முத்திரை குத்திக் கொடுத்தார்.

மன்றத்தில் மூன்று தடவை விசாரணை. நிறுவனத்து வக்கீல் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொரு விமானத்துக்கும் தாங்கும் சக்தி வேறு, மற்றவை பறந்ததால் இதுவும் பறந்திருக்கலாம் என்று சொல்ல முடியாது என்று வாதாடினார். தலைமை உறுப்பினர் வானிலை நகலை எடுத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"வக்கீல் சார், இந்த ஃபேன் அதைவிட வேகமா அடிக்குது. உங்க கட்சிக்காரரோட விமானத்தை இதுக்குக் கீழ நிறுத்தலாமா?"

அறை சிரித்தது. உச்சி சிரிக்கவில்லை. அடுத்த விசாரணையில் உண்மை வெளியே வந்தது. முந்தைய நாள் வேலை நீண்டுபோனதால் ஓட்ட வேண்டிய விமானிக்குக் கட்டாய ஓய்வு. மாற்று விமானி இல்லை. அதைச் சொன்னால் இழப்பீடு கொடுக்க வேண்டும், வானிலை என்றால் வேண்டாம். இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. எவ்வளவு என்பதை மனைவிதான் படித்தாள். உச்சி திரும்பத் திரும்பப் படித்தது நாலாவது பத்தியில் இருந்த ஒரு வரியை: "மனுதாரர் உரிய நேரத்துக்கு முன்பே நிலையத்துக்கு வந்து காத்திருந்தார். அன்று காற்று அவருடைய பயணத்துக்குத் தடையாக இல்லை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இருந்தார். அவள் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் சுவாசத் துவாரத்தை மூடி மெல்லிய துணி. மடியில் பலகை. யாரையாவது கூப்பிட வேண்டுமானால் பேனாவால் பலகையைத் தட்டுவாள். அந்தத் தட்டிலேயே பாதித் திட்டு கேட்கும். சந்தை ஆட்கள் பார்க்க வந்தால் இன்னும் பயந்துகொண்டுதான் உட்காருகிறார்கள் என்று அக்கா மகள் சொன்னாள்.

உச்சி தீர்ப்பை அக்காவின் கையில் கொடுத்தார். அதன் மேல் இன்னொரு காகிதத்தையும் வைத்தார்.

"முதல்ல இதைப் பாருக்கா. அத்தான் போன அன்னைக்கு எங்க ஊர்ல காத்து" என்றார். "பலத்த காத்துன்னு சொன்னேன். காத்தே இல்லக்கா. எனக்கு உன்னைப் பாக்கப் பயமா இருந்துச்சு."

அக்கா அந்த நகலைப் பார்த்தாள். முத்திரையைப் பார்த்தாள். பிறகு பலகையை எடுத்து எழுதினாள். ஏலம் கூறுகிறவளுடைய எழுத்து, பெரிது பெரிதாக.

"இது எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கேவா?"

அழித்துவிட்டு எழுதினாள். "உன் வேலை இடத்துக்கு போன் பண்ணிக் கேட்டேன். கிரேன் ஓடிக்கிட்டு இருக்கு, நீ கம்பி தூக்கிக்கிட்டு இருக்கேன்னாங்க."

ஒன்பது வருடம். இதைத் தெரிந்துகொண்டேதான் வாராவாரம் போன் செய்து, சாப்பாட்டை விசாரித்து, இவர் மனைவியின் முதுகு வலிக்கு மருந்து சொல்லி, கடைசியில் பேச்சு போகிற நாளுக்கு முதல் நாளை முழுசாக இவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். நாற்பது ஆண்களைக் கத்தி அடக்கிய குரல், இந்த ஒன்றைப் பற்றி ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. இப்படி ஒரு மனுஷியின் முதுகில் ஏறிக்கொண்டா வளர்ந்தோம் என்று அவருக்கு இருந்தது.

அக்கா பழைய நகலை மடித்து அவர் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினாள். பிறகு தீர்ப்பை எடுத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, உதடு அசைய, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். நாலாவது பத்திக்கு வந்ததும் நின்றாள். மறுபடி படித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துணிக்குக் கீழே மூச்சு வேகமாகப் போய் வந்தது.

"இதுதான் தெரியாம இருந்துச்சு" என்று எழுதிக் காட்டினாள்.

அப்புறம் பலகையைப் படபடவென்று தட்டினாள். அக்கா மகள் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். தீர்ப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, அக்கா பலகையை அழுத்தித் துடைத்து எழுதினாள்.

"அன்னைக்கு வெயில் பளிச்சுன்னு இருந்துச்சுன்னு சொன்னாரே உன் சித்தப்பா, அவர் மாடியிலதான் இருக்கார். இறங்கி வரச் சொல்லு. நாலாவது பத்தியை அவர் முன்னாடி படி. சத்தமா."

சத்தமா என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.